"நீக்கியாச்சு" என்று அது சொன்னது

போன வருடம் ஊரிலுள்ள வயதானவர்களிடம் போய் இடப்பெயர்வுக் கதைகளைப் பதிவு செய்தோம். மொத்தம் 27 பேர். ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கி, எல்லாவற்றையும் எங்கட மடிக்கணினி ஒன்றில் குரோமா என்ற வெக்டர் தரவுத்தளத்துக்குள் போட்டோம். அதற்கு மேலே ஒரு ஏஐ ஏஜென்டையும் பூட்டினோம். "95இல் தென்மராட்சிக்கு நடந்து போனவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டால் பதில் வரும். எங்களுக்கு அதில கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பிறகு ஒரு அம்மம்மா கோல் எடுத்தா. "பிள்ளையள், நான் சொன்னதை எடுத்துப்போடுங்கோ. ஏன் எண்டு கேக்காதேங்கோ." நாங்கள் கேட்கவில்லை.

ஏஜென்டிடம் சேர்க்க, தேட, அழிக்க என்று மூன்று கருவிகள் கொடுத்திருந்தோம். "இன்னாரின் நேர்காணலை அழித்துவிடு" என்றோம். பத்து செக்கன் கூட ஆகவில்லை. "நீக்கியாச்சு" என்றது. அவவுக்கும் அப்படியே சொல்லிவிட்டோம்.

அடுத்த கிழமை வேறேதோ தேடும்போது, பாலத்தடியில் தாலிக்கொடியை வித்த கதை திரையில் வந்தது. அது அவவின்ர கதை.

நடந்தது இதுதான். வெக்டர் தரவுத்தளத்துக்குள் ஒரு நேர்காணலை நாங்கள் ஒரே ஆவணமாகப் போடவில்லை. சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் போட்டோம்; ஒவ்வொரு துண்டும் நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட வரிசையாக மாற்றி வைக்கப்படுகிறது. பொருள் நெருங்கினால் எண்களும் நெருங்கும். தேடுவதற்கு இது அருமையான வழி. ஆனால் எங்கள் ஏஜென்ட் அழிப்பதற்கும் அதே வழியைத்தான் பாவித்தது. அவவின் பெயரைப் போட்டுத் தேடியது, நெருக்கமாக வந்த முதல் ஐந்து துண்டுகளை அழித்தது, வேலை முடிஞ்சுது எண்டு அறிவித்தது. அவவின் நேர்காணல் 41 துண்டுகள். அதில் போனது நாலு. ஐந்தாவது, அவவின் பெயரைச் சொல்லிக் கதைத்த பக்கத்து வீட்டு ஐயாவினுடையது.

2025 ஜூலையில், எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தும் ரெப்லிற் நிறுவனத்தின் ஏஜென்ட் ஒரு பயனரின் தரவுத்தளத்தை அழித்தது பெரிய செய்தியானது. அது கூட அழித்துப்போட்டது எண்டுதான் எல்லாருக்கும் பயம். குறைய அழித்துவிட்டு முழுக்க அழித்ததாகச் சொல்வதைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. எங்களுக்கு இதுதான் மோசமாகப் படுகிறது. கூட அழிந்தால் உடனே தெரியும், பிரதி இருந்தால் மீட்கலாம். குறைய அழிந்தது, யாராவது தற்செயலாகத் தேடும்வரைக்கும் தெரியாது.

பிழையை ஏஜென்டின் தலையில் கட்டவும் மனமில்லை. அந்தக் கருவியை அப்படி எழுதிக் கொடுத்தது நாங்கள்தான். ஒவ்வொரு துண்டோடும் அது யாருடைய நேர்காணல் என்ற குறிப்பைச் சேர்த்திருந்தால், குரோமாவில் அந்தக் குறிப்பை வைத்தே எல்லாத் துண்டுகளையும் ஒரே கட்டளையில் எடுத்திருக்கலாம். சேர்க்கிற அவசரத்தில் பாதித் துண்டுகளுக்குக் குறிப்பே போடவில்லை. 1981இல் எரிந்த நூலகத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சேர்க்கத்தான் தெரியும். அழிப்பதைப் பற்றி யோசிக்கக் கூசுது.

ஆனால் தந்தவர் திருப்பிக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அழிக்கக் கோரும் உரிமை இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அவவின்ர கதை.

இப்போது ஏஜென்டிடம் தேடி அழிக்கும் கருவி இல்லை. யாருடைய துண்டுகள், எத்தனை என்று பட்டியல் போட்டுக் காட்ட மட்டும் விட்டிருக்கிறோம். பட்டியலை எங்களில் இருவர் பார்த்து ஓம் சொன்னால்தான் அழிப்பு நடக்கும். முடிந்த பிறகு எண்ணிப் பார்ப்போம். பூச்சியம் வரவேண்டும். ஏஜென்டின் "முடிஞ்சுது" என்ற சொல்லை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

அதுவும் போதாது. குரோமா எழுத்துகளை வைத்திருப்பது எஸ்கியூலைட் கோப்பு ஒன்றில். அதில் ஒரு வரியை அழித்தால் பெரும்பாலும் அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறதே தவிர, எழுத்து உடனே கோப்பை விட்டுப் போய்விடுவதில்லை. "எண்கள்தானே மிச்சம், அதில என்ன இருக்கு?" என்று எங்களுக்குள் ஒருவர் கேட்டார். அந்த எண்களிலிருந்தே சிறிய வாக்கியங்களைப் பெரும்பாலும் அப்படியே மீட்டெடுக்கலாம் என்று 2023இல் வந்த ஆய்வொன்று காட்டியிருக்கிறது. ஆகவே பழைய தரவுத்தளத்தை முழுதாக எறிந்துவிட்டு, மற்ற 26 பேரின் பதிவுகளிலிருந்து புதிதாகக் கட்டினோம். இரண்டு நாள் போச்சு. ஐயாவின் துண்டும் திரும்பி வந்தது. ஆனால் அவர் அவவைப் பற்றிச் சொன்ன இடத்தை என்ன செய்வது என்று இன்னும் எங்களுக்குள் சண்டை.

அம்மம்மா வீட்டுக்கு நேரில் போய், முதலில் சொன்னது பொய்யாகிப் போனதைச் சொன்னோம். தேத்தண்ணி தந்தா. "அண்டைக்கு ரெண்டு போனில எல்லோ பிடிச்சனீங்கள்?" என்று கேட்டா. ஒன்றில் அழித்தாயிற்று. மற்றப் போனை வைத்திருந்தவர் இப்போது கட்டாரில். அவருக்கு மெசேஜ் போட்டிருக்கிறோம்.