காட்டைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு தொழிற்பயிற்சி வேணும்

இயற்கை உழவர் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மேடையில் பஞ்சகவ்யம், மரபு விதை, நேரடி விற்பனை என்று பேச்சு போகும். பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "உங்க பக்கம் பன்னிக்கு என்னங்க பண்றீங்க?" என்பதுதான். பழைய சேலை கட்டினேன், சலூனில் முடி வாங்கிப் போட்டேன், ராத்திரி தகரம் தட்டினேன் என்று ஆளுக்கொன்று சொல்வோம். கடைசியில், "மனு குடுத்திருக்கேன், பார்க்கலாம்" என்று கை கழுவ எழுந்துவிடுவோம்.

மனு வாங்கும் மேசைக்கு அந்தப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். வங்கியில் ஓய்வு பெற்ற பிறகு அந்தியூர் மலையடிவாரத்தில் ஐந்து ஏக்கரில் கடலையும் ராகியும் போடுகிறேன். மனுவின் பலம் எனக்குத் தெரியும், பலவீனமும் தெரியும். போன பயிருக்குக் கொஞ்சம் பணம் வாங்கித் தரலாம். நாளை ராத்திரி வரும் பன்றியை அது தடுக்காது.

நான் சொல்ல வருவது இதுதான். காட்டுயிர்களைக் கையாள்வதும், கெட்டுப்போன காட்டையும் ஓடையையும் மீட்டெடுப்பதும் கையால் செய்கிற தொழில்கள். மோட்டார் காயில் கட்டுவது போல, தையல் போல, கற்றுக்கொடுத்தால் வரும். காட்டோரக் கிராமத்து இளைஞர்களுக்கு இதை முறையாகக் கற்றுக்கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, கூலியும் கிடைக்கச் செய்ய வேண்டும். இதைக் கேட்க வேண்டியது நம் உழவர் இயக்கம்.

இந்தப் படிப்பு நாட்டில் இல்லாமல் இல்லை. டேராடூனில் இந்திய வனவுயிர் நிறுவனம் 1982இல் தொடங்கியது. கோவையில் வனக்கல்லூரி 1912லேயே வந்துவிட்டது. வைகை அணையில் வனத்துறைப் பணியாளர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் அங்கே முக்கியமாகப் பயிற்சி பெறுவது சீருடை போட்டவர்கள். யானை வந்து நிற்பது சீருடை போடாதவன் வாசலில். நமக்கு என்ன கிடைக்கிறது? எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு நாள் முகாமுக்கு நானும் போயிருந்தேன். ஒரு மண்டபம், திரையில் படம், டீ, வடை, தலைக்கு ஒரு தொப்பி, கடைசியில் குழுப் படம். காலையில் இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் ஒரு கம்பியைத் தொடவில்லை, ஒரு செடியைப் பிடுங்கவில்லை.

கம்பியைத் தொட்டுக் கற்க வேண்டியது ஏன் என்று பார்ப்போம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் ஒரு தோட்டத்து மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயை இழந்து அங்கேயே சுற்றின. தோட்டக்காரர் கைதானார். அந்த ஒரு ராத்திரியில் எல்லாப் பக்கமும் நஷ்டம். அதே வருஷம் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் விதிகள் கொண்டுவந்தது. விதி வந்தது சரி. அந்த விதிப்படி வேலி போடத் தெரிந்த ஆள் நம்ம ஊரில் எத்தனை பேர்?

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விட்டால் 230 வோல்ட் விடாமல் பாயும். தொட்ட உயிரை அது விடாது. பன்றியா, யானையா, நம்ம பையனா என்றும் பார்க்காது. முறையான சூரிய வேலி வேறு மாதிரி. அதன் கருவி சில ஆயிரம் வோல்ட்டை ஒரு நொடிக்கு ஒரு தடவை போல, கண் இமைப்பதற்கும் குறைவான நேரத்துக்கு மட்டும் தட்டித் தட்டி அனுப்பும். தொட்ட விலங்கு அதிர்ந்து விலகிப் போகும், சாகாது. ஆனால் கீழே வளரும் புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணில் கசிந்து போகும். கோடையில் மண் காய்ந்தால் எர்த்து வேலை செய்யாது. பேட்டரியைக் கவனிக்காவிட்டால் சில மாதத்தில் அது வெறும் கம்பிதான். மானியத்தில் போட்ட பல வேலிகள் துணி காயப்போடும் கொடியானதற்குக் காரணம் இதுதான். வேலிக்குப் பணம் ஒதுக்கினார்கள், வேலியைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு ஒதுக்கவில்லை. கடனைக் கொடுத்துவிட்டு வசூலுக்கு ஆள் போடாத கிளை மாதிரி!

அடுத்தது உண்ணிச்செடி. வெள்ளைக்காரன் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த இந்த அமெரிக்கச் செடி இன்று காடு முழுக்கப் புதராக நிற்கிறது. அதன் அடியில் புல் வளராது. புல் இல்லாவிட்டால் மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் இல்லை. யானைக்கும் தீனி குறையும். அரிவாளை எடுத்து வெட்டினால் போகாதா? போகாது. வெட்டிய இடத்தில் இருந்து இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு குழுவினர் இதற்கு ஒரு எளிய முறையைக் கண்டுபிடித்தார்கள். துளிர் விடுவது வேர்க்கழுத்துப் பகுதிதான். எனவே மண்ணுக்குக் கீழே சில சென்டிமீட்டரில் ஆணிவேரை வெட்டி, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகப் போட வேண்டும். பிறகு பறவைகள் உட்காரும் மரத்தடிகளில் விழுந்து முளைக்கும் நாற்றுகளை வருஷா வருஷம் பிடுங்க வேண்டும். அந்த இடத்தில் நம்ம புல்லையும் மரத்தையும் கொண்டுவர வேண்டும். இயந்திரத்தை விட்டு மண்ணைப் புரட்டினால் உள்ளே கிடக்கும் விதையெல்லாம் எழுந்து வரும். எங்கே வெட்டுவது, எந்த மாதம் வெட்டுவது என்பதைத் திரையில் காட்டினால் கை பழகாது. பத்துப் புதரைத் தூக்கிப் போட்டால் பதினோராவது தானாக வரும்.

"எங்க ஊர்ல காடே இல்லீங்களே" என்று ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து நண்பர்கள் கேட்கலாம். உங்கள் கண்மாயைப் பாருங்க. சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கும் கண்மாயும் ஓடையும்தான் பன்றிக்குப் பகல் வீடு. மலையில் இருந்து ஒன்றும் வருவதில்லை; உங்க வயலுக்குப் பக்கத்திலேயே குடும்பத்தோடு குடியிருக்கிறது. அதை ஏலம் விட்டு வெட்டினால் வேர்க்கட்டை மறுபடி துளிர்க்கும். ஆடு மாடு தின்ற காய் சாணியோடு விழுந்து இன்னும் பரவும். வெட்டிய பிறகு என்ன நடுவது, யார் மூன்று வருஷம் பார்ப்பது என்று திட்டம் இல்லாத வெட்டு, விறகு வியாபாரம் மட்டும்தான்.

நடுவதற்கும் கைப்பழக்கம் வேணும். வேம்பு, இலுப்பை, நாவல் விதைகளை நெல் விதை மாதிரி காய வைத்து மூட்டை கட்டினால் முளைப்புத்திறன் போய்விடும். பழம் விழுந்த சூட்டோடு விதைக்க வேண்டும். ஆரோவில்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1968இல் தொடங்கியபோது அது அரித்துப்போன செம்மண் மேடு. முதலில் வரப்பு போட்டு மழைத் தண்ணீரை நிறுத்தினார்கள், ஆடு மாடு நுழையாமல் காத்தார்கள், பிறகுதான் அந்த மண்ணுக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்களைத் தேடிக் கொண்டுவந்தார்கள். தண்ணீர், காவல், பிறகு நாற்று. வரிசை மாறினால் காசு மண்ணோடு போகும்.

யானை விஷயத்துக்கு வால்பாறை நல்ல பாடம். அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானையும் தொழிலாளியும் ஒரே வழியில் நடக்கிறார்கள். ஏன் ஆட்கள் சாகிறார்கள் என்று ஆராய்ந்தபோது, பெரும்பாலான சாவுகள் பக்கத்தில் யானை நிற்பதே தெரியாமல் நேருக்கு நேர் போனதால் நடந்தவை என்று தெரிந்தது. எனவே யானை இருக்கும் இடத்தைத் தினமும் பார்த்து, கைபேசிக் குறுஞ்செய்தியிலும் உள்ளூர்த் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள். முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். இதற்காக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. சாவு வெகுவாகக் குறைந்தது. இதில் யானையை யாரும் விரட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நான் கேட்கும் பயிற்சியிலும் யானை விரட்டுவது இருக்கக் கூடாது. தடம் பார்ப்பது, சாணியின் ஈரம் பார்ப்பது, செய்தி அனுப்புவது, விலகி நிற்பது இவைதான் இருக்க வேண்டும். உயிரைப் பணயம் வைக்கிற வேலையைப் பயிற்சி என்ற பெயரில் உழவன் தலையில் கட்டக் கூடாது.

"இதெல்லாம் சோறு போடுமா?" என்று கேட்பவர்களுக்கு இருளர்களைக் காட்டுவேன். 1972 வனவுயிர்ச் சட்டமும் 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது அவர்கள் பிழைப்பு போனது. அதே கைத்திறனை வைத்து 1978இல் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கம் தொடங்கினார்கள். பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் மூலப்பொருள். அந்தச் சங்கத்து வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகித் தொல்லை கொடுத்த மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. கையில் இருந்த அறிவுக்கு உரிமமும் சங்கமும் கூலியும் சேர்ந்ததும் அது தொழிலானது. நம்ம மலையில் சோளகரும் இருளரும் குறும்பரும் வைத்திருக்கும் அறிவு இன்னும் தினக்கூலிக்குத்தான் போகிறது. இந்தப் பயிற்சியில் அவர்கள் மாணவராக மட்டும் உட்காரக் கூடாது. சம்பளம் வாங்கும் ஆசிரியராக நிற்க வேண்டும்.

எங்கே நடத்துவது? புதுக் கட்டடம் வேண்டாம். மாவட்டம்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம், சுருக்கமாக ஆர்செட்டி, இருக்கிறது. 1982இல் கர்நாடகத்து உஜிரேயில் தொடங்கிய முயற்சியின் வழிவந்தது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். முடித்தவர்களை இரண்டு வருஷம் பின்தொடர்ந்து, வங்கிக் கடனுக்கும் வழி செய்வார்கள். மாடு வளர்ப்பு, செல்போன் பழுது, தையல் கற்றுக்கொடுக்கும் அந்த இடத்தில் முப்பது நாள் பாடமாக இதைச் சேர்க்கலாம். வேலி போட்டுப் பராமரிக்க ஒரு வாரம். அந்நியச் செடி அகற்ற ஒரு வாரம். விதை சேகரிப்பு, நாற்றங்கால், வரப்பு வேலைக்கு ஒரு வாரம். தடம் பார்த்தல், சேதத்தை அளந்து பதிவு செய்தல், சட்டம், முதலுதவிக்கு மீதி நாட்கள். முக்கால்வாசி நேரம் வெளியில், வெயிலில்.

வேலை கிடைக்குமா? தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியக் களைச்செடிகளை அகற்றி வாழிடங்களை மீட்க ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. முதுமலையில் பரவிய அந்நியக் கொன்றை மரங்கள் அரசின் காகித ஆலைக்குப் போகின்றன. அகற்றிய இடத்தைப் பல வருஷம் திரும்பத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். அதைவிட நிரந்தரமான வேலை கிராமத்தில் வேறென்ன இருக்கிறது? இருபது தோட்டக்காரர்கள் சேர்ந்து, பயிற்சி பெற்ற ஒரு வேலிக்காரருக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் ஆளுக்கு விழும் பங்கு ஒரு ராத்திரிக் கடலைச் சேதத்தை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

"அது வனத்துறை வேலை, நமக்கெதுக்கு? பன்றியைச் சுட விட்டால் தீர்ந்தது" என்பார்கள் சிலர். அவர்கள் வலி எனக்கும் உண்டு. 2025 ஜனவரியில் அரசு அதற்கும் வழி சொல்லிவிட்டது. காப்புக்காட்டில் இருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். சுடட்டும். ஆனால் புதர் அப்படியே நின்றால், காலியான வீட்டுக்குப் புதுக் குடி வரும். பூச்சிக்கு மருந்தடித்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை, வயலின் சூழலைச் சரி செய்ய வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? நம்ம வயலில் ஒத்துக்கொண்டதை வயலுக்கு வெளியேயும் ஒத்துக்கொள்வோம். காப்புக்காட்டுக்குள் நுழைய நமக்கு உரிமை இல்லை என்றாலும், பட்டா நிலமும் ஊராட்சி ஓடையும் கண்மாயும் இருக்கிறதே. அங்கே அனுமதி வாங்கித் தொடங்கலாம்.

நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து, குழி தோண்டி, கலக்கி, கையால் செய்து காட்டித்தான் இயற்கை வேளாண்மை நம்ம தலைமுறைக்கு வந்து சேர்ந்தது. காடும் அதே வழியில்தான் வரும்.

ஒரு வேலை சொல்கிறேன், செய்யுங்க. உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. முன்னோடி வங்கி மேலாளரும் வருவார். இந்த மாதம் இழப்பீட்டு மனுவோடு இன்னொரு தாளும் கொடுங்க: 'எங்கள் மாவட்ட ஆர்செட்டியில் வேலி, களை அகற்றல், வாழிட மீட்பு, காட்டுயிர் தடம் பார்த்தல் ஆகியவற்றுக்குத் தொழிற்பயிற்சி தொடங்க வேண்டும்.' கூடவே, சேர விருப்பமுள்ள இருபத்தைந்து இளைஞர்களின் பெயர், ஊர், கையெழுத்தோடு. பட்டியல் இல்லாத கோரிக்கையை எந்த வங்கியும் கோப்பில்தான் வைக்கும். பட்டியலோடு வந்தால் பதில் சொல்லியே ஆகணும்.