போதைக்குப் பின்னால் பேசாத உள்ளம்

2025ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் நம் திருத்தணியின் பெயர் நாடெங்கும் செய்திகளில் அடிபட்டது. ஆறுபடை வீடுகளுள் ஒன்றாகவும், 1888இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் பிறந்த ஊராகவும் அறியப்பட்ட திருத்தணி, இம்முறை ஓர் அரிவாள் வெட்டுக்காக அறியப்பட்டது. சென்னையிலிருந்து வந்த மின்சார இரயிலில் வெளிமாநிலத் தொழிலாளியான ஓர் இளைஞரிடம் தகராறு செய்த நான்கு சிறுவர்கள், அவரைத் திருத்தணியில் இறக்கி, இரயில்வே குடியிருப்புக்கு அருகே கொண்டுபோய் வெட்டினார்கள். அதைக் கைப்பேசியில் படமெடுத்து ஊரறியப் பரப்பினார்கள். அந்த நால்வருக்கும் வயது 17.

முதலில் நம் மனக்கண்முன் நிற்க வேண்டியவர் வெட்டுப்பட்டவர். பிழைப்புத் தேடி மொழி தெரியாத மண்ணுக்கு வந்த ஏழை அவர். அவர் சிந்திய இரத்தத்துக்கு எந்த விளக்கமும் ஈடாகாது. இதை மனத்தில் இருத்திக்கொண்டே மேலே சிந்திப்போம்.

அந்தக் காணொளி பரவிய உடனேயே 'கஞ்சா' என்ற சொல்லும் கூடவே எழுந்தது. அச்சிறுவர்கள் அந்நேரம் போதையில் இருந்தார்களா என்பதை முடிவுசெய்வது விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய வேலை. ஆனால் அந்தச் சொல் ஏன் நம் வாயில் அவ்வளவு விரைவாக வந்தது? நம் தெருவிலும், சில வேளைகளில் நம் வீட்டிலும் அதை நாம் ஏற்கெனவே அறிந்திருப்பதால்தானே!

ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா, இரயிலிலும் பேருந்திலும் நம் எல்லையைக் கடந்து வருகிறது. பொன்பாடி சோதனைச்சாவடியில் அது பிடிபடும் செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். சோதனை வேண்டும், கடத்துவோருக்குத் தண்டனையும் வேண்டும். ஆனால் சோதனைச்சாவடி தடுக்கக்கூடியது பொட்டலத்தை மட்டுமே. அந்தப் பொட்டலத்தைத் தேடுகிற பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியவர்கள் பெற்றோரும் ஆசிரியரும் பங்குச் சமூகமுமே. இன்று நாம் சிந்திக்கப்போவது அந்தக் கேள்வியைத்தான்.

இன்பத்துக்காகவா, வலிக்காகவா?

போதைக்கு அடிமையானவரைப் பற்றி நம்மிடையே நிலவும் பொதுவான எண்ணம், 'சுகம் கண்டுவிட்டான், அதனால் விடமாட்டேன் என்கிறான்' என்பது. அமெரிக்க மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்ஸியன் 1985இல் வேறொரு கருத்தை முன்வைத்தார். தாங்க முடியாத ஓர் உள்வேதனைக்குத் தாமே மருந்திட்டுக்கொள்ளும் முயற்சியாகவே பலர் போதைப்பொருளை நாடுகிறார்கள் என்றார் அவர். அடக்க முடியாத சினத்தால் வேகிறவருக்கு அபின் வகைகள் அமைதி தருவதுபோல் தோன்றும். சோர்ந்து கிடப்பவருக்குக் கொக்கேன் போன்றவை எழுச்சி தருவதுபோல் தோன்றும். கூட்டத்தில் வாய் திறக்க அஞ்சுகிறவருக்கு இரண்டு கோப்பை மது நாக்கை அவிழ்த்துவிடும்.

இக்கருத்து எல்லாவற்றையும் விளக்கிவிடாது. பரம்பரை, நண்பர் கூட்டம், கைக்கெட்டும் தூரத்தில் பொருள் கிடைப்பது, வெறும் ஆவல் ஆகியவையும் காரணங்களே. மூளையை ஆராய்ந்த ஜார்ஜ் கூப் போன்ற அறிவியலாளர்கள் இன்னொரு உண்மையையும் எடுத்துக்காட்டினார்கள். தொடர்ந்து பயன்படுத்தும்போது மூளை தன் சமநிலையை இழக்கிறது. போதை இறங்கும் வேளையில் பதற்றம், எரிச்சல், இனம்புரியாத துயரம் ஆகியவை முன்னைவிட மிகுதியாக எழுகின்றன. அப்போது அவர் சுகத்துக்காக எடுப்பதில்லை. அந்தத் துன்பம் நீங்குவதற்காகவே எடுக்கிறார். துயரத்தைத் தணிக்க வந்த பொருளே புதிய துயரத்தைப் பிறப்பிக்கிறது. கடனை அடைக்கக் கந்துவட்டிக்கு வாங்கியவரின் நிலை இது.

பெயர் இல்லாத உணர்ச்சி

'உனக்கு என்னப்பா கஷ்டம்?' என்று கேட்டால், அடிமைநிலையில் இருப்பவர் பெரும்பாலும் 'ஒண்ணும் இல்லை' என்பார். ஏமாற்றுகிறார் என்று நாம் எண்ணுகிறோம். பல நேரங்களில் அவருக்கு உண்மையிலேயே சொல்லத் தெரியவில்லை. தன் உணர்ச்சியை இனம் காணவோ சொல்லில் வடிக்கவோ இயலாத இந்த நிலைக்கு, 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மருத்துவர் 'அலெக்ஸிதைமியா' என்று பெயரிட்டார். உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை என்பது அதன் பொருள். போதைப் பழக்கம் உடையோரிடையே இது மற்றவர்களிடம் காண்பதைவிட அதிகமாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. மனத்தில் ஏதோ அழுத்துகிறது. அது அச்சமா, ஏக்கமா, அவமானமா என்று தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், ஒரு பீடியோ ஒரு குவார்ட்டரோ உள்ளே போனால் அது கொஞ்ச நேரம் ஓயும் என்பதே.

ஆனால் நம் மொழி உணர்ச்சிகளுக்குப் பெயரில்லாத மொழியா? நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. நம் வீடுகளில் ஓர் ஆண்பிள்ளைக்கு இவற்றுள் எத்தனை அனுமதிக்கப்படுகின்றன? அழுதால் 'பொம்பளை மாதிரி அழாதே' என்கிறோம். அஞ்சினால் கேலி செய்கிறோம். எஞ்சுவது வெகுளி ஒன்றே. துயரமும் அச்சமும் தோல்வியும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும் என்றால், ஒருநாள் அவன் கையில் அரிவாள் இருப்பதும், தன்னை நாலுபேர் பார்க்கவேண்டும் என்று அதைப் படமெடுப்பதும் வானத்திலிருந்து விழுந்த அதிசயங்கள் அல்லவே! தறி ஓட்டும் தந்தை இரவுப்பணி முடிந்து உறங்க, தாய் விடியற்காலை இரயிலுக்கு ஓட, பிள்ளையோடு பேச ஒருவரும் இல்லாத வீடுகள் நம் பகுதியில் எத்தனை!

அதே தொல்காப்பியம், இளிவரல் என்னும் இழிவுணர்வு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கிலிருந்து பிறப்பதாகச் சொல்கிறது. பிணியும் இழிவுணர்வும் உடன்பிறப்புகள் என்று நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். போதை அடிமைத்தனத்திலும் அப்படித்தான்.

குற்ற உணர்வும் அவமானமும்

உளவியலார் இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கிறார்கள். 'நான் தவறு செய்தேன்' என்பது குற்ற உணர்வு. 'நானே ஒரு தவறு' என்பது அவமான உணர்வு. முன்னது மனிதரை மன்னிப்புக் கேட்கவும் சரிசெய்யவும் தூண்டும். பின்னது ஒளிந்துகொள்ளத் தூண்டும். பேதுருவும் யூதாசும் ஒரே இரவில் ஆண்டவரைக் கைவிட்டவர்கள். பேதுரு மனங்கசந்து அழுதார், ஆனால் சகோதரர்களிடம் திரும்பி வந்தார். யூதாசோ தனியே போனார்.

மீண்டவர்கள் ஏன் மறுபடி விழுகிறார்கள் என்பதை ஆராய்ந்த ஆலன் மார்லட், கோபம், சோர்வு, தனிமை போன்ற கசப்பான உணர்ச்சி நிலைகளே அதற்கு முதன்மையான தூண்டுதல்கள் என்று கண்டார். ஒரு தடவை தவறியதும், 'எல்லாம் போயிற்று, நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் எழுகிறது. முதல் கோப்பையைவிட இந்த எண்ணமே அவரை முழுமையாகக் கவிழ்க்கிறது என்பதையும் அவர் எடுத்துரைத்தார். அப்படியானால், தடுக்கி விழுந்தவரிடம் 'உன்னைத் திருத்தவே முடியாது' என்று சொல்லும்போது நாம் யாருக்கு உதவுகிறோம்? அறியாமலே போதையின் பக்கம் நின்று பேசுகிறோம்.

மாலை போட்டால் 'சாமி'

நம் ஊரில் எல்லாரும் காணும் ஒரு காட்சியைக் கவனிப்போம். நாள் தவறாமல் குடிக்கும் ஒருவர் ஐயப்பனுக்கு மாலை அணிகிறார், அல்லது ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுக்க விரதம் இருக்கிறார். அத்தனை நாளும் அவர் ஒரு சொட்டும் தொடுவதில்லை. மாலையைக் கழற்றிய அன்றே கடை வாசலில் நிற்கிறார். நம்மவர் மட்டும் என்ன? தவக்காலத்தின் 40 நாளும் விட்டவர்கள் உயிர்ப்பு ஞாயிறன்று மாலையே 'ஈடுகட்டுவதை' நாம் அறியோமா?

'மனவுறுதி இருந்தால் விடலாம் என்பதற்கு இதுவே சான்று' என்பார்கள். சற்று ஆழமாகப் பார்த்தால் வேறொன்று தெரியும். மாலை அணிந்த நாள்களில் அவரை ஊரே 'சாமி' என்று அழைக்கிறது. மனைவி மரியாதையாகச் சோறு போடுகிறார். கூடப் பாட, கூட நடக்க ஒரு குழு இருக்கிறது. காலைக் குளியல் முதல் இரவுப் படுக்கை வரை ஓர் ஒழுங்கு இருக்கிறது. மாலை இறங்கியதும் அவர் மறுபடி 'குடிகாரன்' ஆகிவிடுகிறார். மதிப்பும், தோழமையும், ஒழுங்கும் ஒரே நாளில் பறிபோகின்றன; பழைய உணர்ச்சிகள் அனைத்தும் திரும்பி வருகின்றன. 48 நாள் அவரைத் தாங்கியதில் மனவுறுதிக்கும் பங்குண்டு, அந்த மதிப்புக்கும் பங்குண்டு. மாலை இல்லாமலும் அந்த மதிப்பை நாம் தர முடியுமா என்பதே கேள்வி.

இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. பல ஆண்டுகளாக அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம், உயிராபத்துகூட நேரலாம். எனவே மருத்துவரின் மேற்பார்வை இன்றி அவரை நிறுத்தச் சொல்லி வற்புறுத்தக்கூடாது.

ஒரு புனிதரின் கதை

சீன நாட்டு மருத்துவர் மார்க் ஜி தியான்சியாங், ஏழைகளுக்கு மருத்துவம் செய்த நல்ல கத்தோலிக்கர். கடும் வயிற்றுவலிக்கு மருந்தாக அபின் எடுத்து, அதற்கே அடிமையானார். ஒப்புரவு அருளடையாளத்தில் மீண்டும் மீண்டும் அதே பாவத்தைச் சொன்னதால், அவருக்குத் திருந்தும் எண்ணம் இல்லை என்று கருதப்பட்டது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவருக்கு நற்கருணை மறுக்கப்பட்டது. அடிமைநிலை ஒரு நோய் என்ற அறிவு அக்காலத்தில் பரவலாக இல்லை. ஆயினும் அவர் ஆலயத்தைவிட்டு விலகவில்லை. 1900ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், பாக்ஸர் கலகத்தின்போது, தம் குடும்பத்தினரோடு விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார். தம் வீட்டார் எவரும் தனியே சாகக்கூடாது என்பதற்காகத் தம்மைக் கடைசியில் வெட்டும்படி கேட்டுக்கொண்டார் என்பர். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைச் சீன மறைச்சாட்சியருடன் புனிதராக உயர்த்தினார். 'எதற்கும் உதவாதவர்' என்று ஊர் ஒதுக்கியவருக்குள் அத்தனை அன்பு உறங்கிக் கிடந்தது!

நாம் செய்யக்கூடியவை

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றிருந்தார். மற்ற 37 பேரைத் தடுத்தது எது? மருத்துவமனை இல்லாமையும் அறியாமையும் உண்டு. அவற்றோடு, 'வெளியே தெரிந்தால் மானம் போகும்' என்ற அச்சமும் உண்டு. அந்த அச்சத்தை நாம் குறைக்கலாம்.

1. வீட்டில் உணர்ச்சிகளுக்குப் பெயர் சொல்லிப் பழகுவோம். 'எனக்கு இன்று பயமாக இருந்தது' என்று தந்தை மகன்முன் சொல்லட்டும். அதைக் கேட்ட மகனுக்குத் தன் பயத்தைச் சொல்ல ஒரு வழி திறக்கும்.

2. செயலைக் கண்டிப்போம், ஆளைப் பழிக்காதிருப்போம். வீட்டில் அடிதடி நடந்தால் மனைவி, மக்களின் பாதுகாப்பே முதலில் வரவேண்டும். எல்லை வகுப்பதும் அன்பே. திருடினால் திருட்டு என்றும் அடித்தால் குற்றம் என்றும் சொல்லத் தயங்க வேண்டாம். 'குடிகாரன்', 'கஞ்சா பயல்' என்ற பட்டங்கள் மட்டும் அன்பியக் கூட்டங்களில் ஒலிக்க வேண்டாம்.

3. குடும்பத்துக்கும் சிகிச்சை தேவை. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். நோயாளியுடன் குடும்பத்தாரையும் சேர்த்துக் குணப்படுத்துவது அங்குள்ள நடைமுறை. ஆண்டுக்கணக்கில் அஞ்சியும் மறைத்தும் வாழ்ந்த மனைவி, மக்களின் உணர்ச்சிகளும் காயப்பட்டவையே.

4. வழிகளை அறிந்து வைத்திருப்போம். போதை மீட்புக்கான தேசிய கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. போதைப்பொருள் பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கைச் சந்திக்கும் அடிமைநிலையாளர், அரசு அங்கீகரித்த மையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்கு அளிக்க இடம் தருகிறது. போலீசுக்குப் பயந்து மருத்துவரிடம் போகாதிருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வோம்.

5. மீண்டு வந்தவருக்குப் பங்கில் ஒரு பொறுப்பைக் கொடுப்போம். நாற்காலி அடுக்குவதாக இருக்கட்டும், விழாக் குழுவில் கணக்கெழுதுவதாக இருக்கட்டும். மாலை தந்த மதிப்பு அவருக்கு ஆண்டு முழுதும் கிடைக்கட்டும். அவர் மறுபடி தவறினாலும் திரும்பிவர ஒரு வாசல் இருக்கட்டும்.

அன்புள்ளங்களே, ஊதாரி மகனின் உவமையில் தந்தை மகனைத் தொலைவிலேயே கண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். மகன் தயாரித்து வைத்திருந்த பேச்சு முழுவதையும் சொல்லி முடிக்கக்கூட அவர் காத்திருக்கவில்லை. தன்னைப் பணியாள் என்று சொல்லிக்கொள்ள வந்தவனுக்கு, மகன் என்ற பெயர் திரும்பக் கிடைத்தது. அவன் செய்த செலவு செலவுதான், அழித்த சொத்து அழிந்ததுதான். ஆனாலும் அவன் வீட்டுக்குள் வந்துவிட்டான்.

அந்த நான்கு சிறுவர்களும் சட்டத்தின்முன் தங்கள் செயலுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் வயதில் நம் தெருவில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவனிடம் இந்த வாரம் நாம் உட்கார்ந்து பேசுவோம். அவன் 'ஒண்ணும் இல்லை' என்பான். எழுந்து போய்விடாமல், இன்னும் சற்று நேரம் அவனருகில் இருப்போம்.