கூட்டக் குறிப்பு யார் கையில்?



ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத்தில் நம் வியாபாரத்தின் போக்கு மாறி நெடுநாளாகிறது. 1998-இல் ஹூண்டாய் ஆலையிலிருந்து கார் வெளிவரத் தொடங்கிய காலத்தில், தொழிலாளி என்றால் மாலையில் நம் கடை வாசலுக்கு வந்து நிற்கும் வாடிக்கையாளர். இன்றோ அவருடைய சாப்பாட்டுக்கான சரக்கைக் கேண்டீன் காண்ட்ராக்டரும் விடுதி நிர்வாகமும் மொத்தமாக வாங்குகிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். இத்தனை பேருக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுக்கும் பேச்சு நம் கல்லாப் பெட்டியருகே நடப்பதில்லை. அவர்கள் அலுவலக மேசையிலோ, கைப்பேசித் திரையிலோ நடக்கிறது.

அந்தக் கூட்டங்களில் இப்போது புதிதாக ஓர் ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் ஏ.ஐ. உதவியாளர். பேசுவதையெல்லாம் பதிவு செய்து, எழுத்தாக்கி, யார் எதற்கு ஒப்புக்கொண்டார் என்று சில நிமிடங்களில் சுருக்கம் அனுப்பிவிடுகிறார். சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்துக்கும் இப்படி ஒன்றை வாங்கலாமே என்று நம் உறுப்பினர்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

வாங்கலாம். எதிர்த்தரப்பில் நான்கு அதிகாரிகள் உட்கார்ந்திருக்க, குமாஸ்தாகூட இல்லாமல் தனியே போகும் சிறு வியாபாரிக்கு இது நல்ல துணைதான். ஆனால் எது மலிவு, எது வேகம் என்று மட்டும் பார்த்து வாங்கும் சரக்கு அல்ல இது. குறிப்பு யார் கையில் இருக்கிறது, அதைத் திருத்தும் உரிமை யாருக்கு என்பதே முதல் கேள்வி.

காரணம் சொல்கிறேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, சிறு உற்பத்தியாளருக்குச் சேர வேண்டிய பணத்தை 45 நாளுக்குமேல் நிறுத்தி வைக்க முடியாது. தாமதித்தால் வட்டியோடு கொடுக்க வேண்டும். 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வணிகர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் முன்னுரிமைக் கடன் என்ற ஒரு சலுகை மட்டும்தான் நமக்கு. 45 நாள் பாதுகாப்பு இல்லை. ஆகவே பாக்கி தங்கினால் நம் கையில் இருப்பவை ஆர்டர் சீட்டும், பில்லும், பேசிய பேச்சும்தான். அந்தப் பேச்சை வேறொருவரின் இயந்திரம் எழுதப் போகிறது என்றால் நாம் சும்மா இருக்கலாமா?

அது எப்படி எழுதும் என்பதைப் பாருங்கள். "பணம் வர அறுபது நாளாகும்" என்கிறார் பர்ச்சேஸ் அதிகாரி. நம்மவர் "சரிங்க சார், பார்க்கலாம்" என்கிறார். இது ஒப்புதல் அல்ல, மரியாதை. சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். ஆனால், "அறுபது நாள் தவணைக்குச் சப்ளையர் ஒப்புக்கொண்டார்" என்று இயந்திரம் சுருக்கிவிட்டால்? அடுத்த மாதம் அந்த அதிகாரி மாறிப் போவார். வந்தவர் சுருக்கத்தை எடுத்து நீட்டுவார். நம் "சரிங்க" நமக்கே சாட்சியாக நிற்கும்.

மொழிச் சிக்கலும் உண்டு. இக்கருவிகளில் பல ஆங்கிலத்தில் பிறந்தவை. கூகுள் மீட்டின் குறிப்பெடுக்கும் வசதி 2024 ஆகஸ்டில் தொடங்கியபோது ஆங்கிலப் பேச்சுக்கு மட்டுமே வேலை செய்தது. ஓபன் ஏ.ஐ. நிறுவனம் 2022-இல் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சுணர் மென்பொருளுக்குத் தமிழும் தெரியும். ஆனால் அதைப் பழக்கிய 6,80,000 மணி நேர ஒலியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். அதே விஸ்பரை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, பரிசோதித்த ஆங்கில ஒலித்துண்டுகளில் நூற்றுக்கு ஒன்றில், யாரும் பேசாத வாக்கியங்களை அது தானாகவே சேர்த்திருந்ததாகக் கண்டது. மௌனம் நீண்ட இடங்களில் இது கூடுதல். ஆங்கிலத்துக்கே இந்தக் கதி என்றால், தமிழும் ஆங்கிலமும் இந்தியும் கலந்து நாம் பேசும் பேச்சுக்குக் கேட்க வேண்டுமா? சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழுவும், மத்திய அரசின் பாஷிணி திட்டமும் நம் மொழிகளுக்காக உழைக்கின்றன. நல்லதே. ஆனாலும் நம் சரக்கை நாமே எடை போட்டுத்தானே வாங்குகிறோம்?

எனவே வாங்குமுன் நான்கு சோதனைகள் செய்யுங்கள்.

ஒன்று, விற்பவரின் மாதிரிப் பேச்சை நம்பாதீர்கள். உங்கள் கடையில், லாரிச் சத்தத்துக்கு நடுவே, உங்கள் பேச்சைக் கொடுங்கள். "ஒன்றேகால்", "ஒன்றரை", "எழுபது", "எழுநூறு", "தொண்ணூறு", "தொள்ளாயிரம்", "26 கிலோ சிப்பம்", "15 கிலோ டின்" எல்லாம் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள். விலையில் ஒரு சுழி தவறினால் சரக்கின் லாபம் போய்விடும்.

இரண்டு, "பார்க்கலாம்", "யோசித்துச் சொல்கிறேன்" என்பவற்றைச் சுருக்கம் எப்படி எழுதுகிறது என்று கவனியுங்கள். சம்மதம் என்று எழுதும் கருவி, வணிகனுக்கு ஆகாது.

மூன்று, மூல ஒலிப்பதிவு உங்களிடம் தங்குகிறதா, வேண்டும்போது அழிக்க முடிகிறதா, உங்கள் பேச்சை வைத்து நிறுவனம் தன் இயந்திரத்தைப் பழக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் ஆட்டர் என்ற குறிப்பெடுக்கும் நிறுவனத்தின்மீது 2025 ஆகஸ்டில் இந்தக் குற்றச்சாட்டோடுதான் வழக்குத் தொடுத்தார்கள். நம் கொள்முதல் விலை வெளியே போனால் வியாபாரம் என்னாகும்?

நான்கு, பதிவு செய்வதை எதிரில் இருப்பவருக்குச் சொல்லிவிட்டே செய்யுங்கள். அதே உரிமையை அவர்களிடமும் கேளுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறி, 2025 நவம்பரில் விதிகளும் அறிவிக்கப்பட்டுவிட்டன. 1.7.2024 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்டுவதற்குச் சான்றிதழும் வேண்டும். சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப்பதிவைத் தொலைத்தவர் கதி என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்தக் குறிப்பானாலும் அதன் மதிப்பு, சம்பந்தப்பட்டவர்கள் அதை ஏற்பதில்தான் இருக்கிறது. நம் கண்ணெதிரே நடந்தது இது. சாம்சங் ஆலையில் 9.9.2024 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. அக்டோபர் 7-ஆம் தேதி தொழிலாளர் குழு ஒன்றோடு நிர்வாகம் ஒப்பந்தம் செய்துகொண்டது. போராட்டத்தில் இருந்த சங்கத்தார் அதை ஏற்கவில்லை; வேலைநிறுத்தம் நீடித்தது. அரசின் முன்னிலையில் பேசி, இரு தரப்பும் ஒப்பிய பிறகுதான் 15-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. காகிதம் இருந்தால் போதாது, அதில் யாருடைய சம்மதம் இருக்கிறது என்பதே முக்கியம்.

ஆகவே நம் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்பது என் கருத்து. ஆலைகளோடும் காண்ட்ராக்டர்களோடும் பேசும் உறுப்பினர் எவரும், இயந்திரம் எழுதிய சுருக்கத்தை 24 மணி நேரத்துக்குள் படித்து, தவறு இருந்தால் எழுத்தில் மறுக்க வேண்டும். விலை, அளவு, தவணை மூன்றையும் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்ட பிறகே சரக்கு வண்டியில் ஏற வேண்டும். செயற்குழுவிலும் அப்படியே: இயந்திரம் குறிப்பெடுக்கட்டும், செயலாளர் படித்துக் காட்டட்டும், உறுப்பினர்கள் ஏற்ற பிறகு மினிட் புத்தகத்தில் ஏறட்டும்.

குறிப்பெழுத எந்த இயந்திரம் வேண்டுமானாலும் வரட்டும். கையெழுத்து நம்முடையதாக இருக்கட்டும்.