எழுதாத புகாருக்கு ஏது நீதி?



கல்லூரி திறந்து சில வாரங்களில் நம் முஹல்லாக்களில் ஒரு காட்சியைக் காணலாம். ஆசையோடு சேர்த்துவிட்ட பிள்ளை பெட்டி படுக்கையோடு திரும்பி வந்து நிற்பான். "அங்கே பிடிக்கலை வாப்பா" என்பான். வாப்பாவும் துருவிக் கேட்க மாட்டார். "படிச்சது போதும், கடையில உட்காரு" என்று கல்லாவைக் காட்டிவிடுவார். மகளாக இருந்தால் மாப்பிள்ளை தேடத் தொடங்கிவிடுவோம்.

விடுதியில் அடித்தார்களா? தாடியையும் தொப்பியையும் சொல்லிக் கேலி செய்தார்களா? 'தீவிரவாதி' என்று பட்டப்பெயர் சூட்டினார்களா? யாரும் கேட்பதில்லை. துன்புறுத்தியவன் பட்டம் வாங்குகிறான். துன்பப்பட்டவன் படிப்பை விடுகிறான். இது என்ன நியாயம்?

1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு ராகிங் வெறிக்குப் பலியானதைத் தமிழகம் மறந்திருக்காது. அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவரின் மகன். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதி என்றால், மளிகைக் கடைக்காரர் மகனுக்கு என்ன பாதுகாப்பு? 2019இல் மும்பையில் பாயல் தத்வி என்ற இளம் மருத்துவர் உயிரிழந்தார். பழங்குடி முஸ்லிம் குடும்பத்துப் பெண். சீனியர்கள் சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதாக வழக்குப் பதிவானது. முன்பே முறையிட்டும் நிர்வாகம் அசையவில்லை என்று குடும்பத்தார் குமுறினர்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. நாவரசு கொலைக்குப் பின் 1997இல் வந்த தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 2 ஆண்டு வரை சிறை என்கிறது. புகாரைக் கண்டுகொள்ளாத கல்லூரித் தலைவரையும் குற்றத்துக்கு உடந்தை என்றே கருதுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகள், ராகிங் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் வழக்குப் பதிய வேண்டும் என்கின்றன. பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது. 2015 விதிகளின்படி சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 90 நாட்களில் விசாரணை முடிய வேண்டும். சிறுபான்மையினர் என்பதால் பாகுபாடு காட்டினால் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்குப் போகலாம். 2023 விதிகளின்படி அக்குழு 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இத்தனை வாசல்கள் இருந்தும் ஏன் திறக்கவில்லை? நாம் தட்டுவதில்லை. தட்டினாலும் வாயால் தட்டுகிறோம், எழுத்தால் தட்டுவதில்லை.

வியாபாரிகளே! கடனுக்குக் கொடுத்த ஒரு மூட்டைச் சரக்கைக் கணக்கில் எழுதாமல் விடுவீர்களா? "வாய்ச்சொல் போதும்" என்று கல்லாவைப் பூட்டுவீர்களா? ஒரு மூட்டை அரிசிக்கு உள்ள மரியாதை பெற்ற பிள்ளையின் மானத்துக்கு வேண்டாமா? என்று, எந்த இடத்தில், யார், என்ன சொன்னார், யார் பார்த்தார் என்று எழுதுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். செல்போனில் வந்த வசைகளை அழிக்காதீர்கள், அவை சாட்சி. ராகிங் என்றால் 1800-180-5522 என்ற இலவச எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

இளைஞர்களே! கேள்விப்பட்டதும் பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு கல்லூரி வாசலில் கைகலப்பில் இறங்காதீர்கள். அன்று மாலையே பாதிக்கப்பட்டவன் குற்றவாளி ஆகிவிடுவான். நிர்வாகத்துக்கு அதைவிட வசதி வேறு இல்லை. அதே பத்துப் பேரில் இருவர் அவனோடு விசாரணைக்குத் துணையாகச் செல்லுங்கள். மிரட்டலுக்கு அஞ்சிப் புகாரைத் திரும்பப் பெறாமல் தைரியம் கொடுங்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். துன்புறுத்தியவன் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்? ஜமாஅத் பெரியவர்களைப் பிடித்துச் சமரசம் பேசி மூடி மறைப்போமா? நமக்கும் நம் பெற்றோருக்கும் எதிராக ஆனாலும் நீதிக்குச் சாட்சி சொல்லக் கட்டளையிடும் மார்க்கம் நம்முடையது. பொய்ப் புகார் கொடுப்பதும் அநீதிதான். எதிர்த்தரப்பின் விளக்கத்தைக் கேட்காமல் தண்டிப்பதும் அநீதிதான். நம் சமுதாயம் நடத்தும் கல்லூரிகளுக்கும் ராகிங் தடைச் சட்டத்திலிருந்தும் புகார்க் குழுவிலிருந்தும் விலக்கு இல்லை. அங்கே குழு பெயர்ப் பலகையில் மட்டும் இருக்கிறதா, செயல்படுகிறதா என்று கேட்கும் கடமை நமக்கே முதலில் உண்டு.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை ஊர் திரும்பினால் கல்லாவைக் காட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, என்ன நடந்தது என்று கேளுங்கள். அவன் சொல்வதை ஒரு தாளில் எழுதுங்கள். மறுநாள் காலை அந்தத் தாளோடு அவனையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போங்கள். அவன் உட்கார வேண்டிய இடம் அங்கேதான் இருக்கிறது.