சொறியை மறைத்தால் வீடே சொறியும்



காய்ச்சல் வந்தால் மருந்துக்கு ஓடுகிறோம். உளி பட்டுக் கை அறுந்தால் மண்டோரிடம் சொல்கிறோம். சொறி, படை, பேன் என்று வந்துவிட்டால் மட்டும் வாய் அடைத்துப் போகிறது. "வெளியே சொன்னா நாலு பேரு என்ன நெனைப்பாங்க?" என்று சட்டையை இழுத்து மூடிக்கொள்கிறோம். இந்த வெட்கம்தான் நோய்க்கு நாம் போடும் உரம்.

சிரங்கை எடுத்துக்கொள்வோம். கிளினிக்கில் 'குடிஸ்' என்பார்கள். இது சாமி குற்றமல்ல; இரத்தம் கெட்டதாலும் வருவதல்ல. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். இரவானால் அரிப்பு தாங்காது. ஒரே பாயில் படுத்தால் ஒட்டிக்கொள்ளும். முதன்முறை ஒட்டியவருக்கு அரிப்புத் தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் அவரிடமிருந்து மற்றவருக்கும் போய்விடும்.

ஆகவே, சொறிகிற பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசினால் காசும் மருந்தும் வீண். வீட்டில் இருக்கும் அத்தனை பேரும், அரிப்பு இல்லாதவர்கூட, ஒரே இரவில் பூச வேண்டும். பெர்மெத்ரின் க்ரீம் கொடுத்தால் கழுத்துக்குக் கீழே உள்ளங்கால்வரை, நக இடுக்கும் தொப்புளும் விடாமல் பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டே போடுங்கள். போர்வை, துணிகளைச் சுடுநீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள். அதன் பிறகும் இரண்டு, மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். பயந்துபோய் தினமும் பூச வேண்டாம்.

சொறிந்த புண் சீழ் பிடித்தால் அசட்டையாக இருக்காதீர்கள். அந்தக் கிருமியால் பிள்ளைகளின் சிறுநீரகம் பாதிக்கப்படுவதுண்டு. முகம் வீங்கினாலோ, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

படர்தாமரை வேறு. வியர்வையில் ஊறிய உடுப்பிலும் ஈரமான பூட்சுக்குள்ளும் வளரும் காளான் அது. "கடையில ஒரு டியூப் வாங்கிப் போட்டேன், அரிப்பு நின்னுடுச்சு" என்பார்கள். ஸ்டீராய்டு கலந்த டியூபாக இருந்தால் அரிப்புத்தான் அடங்கும். படை அடியில் அகலமாகிக்கொண்டே போகும். பேனுக்கு மண்ணெண்ணெயும் பூச்சி மருந்தும் பிள்ளை தலையில் வைப்பது கொடிய ஆபத்து. ஈரத்தலையை மூன்று, நாலு நாளுக்கு ஒரு தடவை பேன் சீப்பால் வாருங்கள். இரண்டு, மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள்.

தேமலால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் வெளுத்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால், அது தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். 1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் மறைத்த காலம் அது. இன்று யாரையும் ஒதுக்கிவைப்பதில்லை. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தை வீட்டிலிருந்தே ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணமாகும். மறைத்துத் தாமதித்தால்தான் கை கால் ஊனமாகும்.

வேலையால் வரும் தோல் நோயையும் மறைக்கிறோம். "சொன்னா மருந்தடிக்கிற வேலை போயிடும்" என்று பயம். பாராகுவாட் களைக்கொல்லி 2020இல் தடை செய்யப்பட்டது. ஆனாலும் மற்ற மருந்துகளும் உரமும் தோலை அரிக்கத்தான் செய்கின்றன. கையில் கொப்புளம் வந்தால், அடித்த மருந்தின் பெயரை டாக்டரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். வேலையால் வரும் தோல் நோய் சொக்சோவில் தொழில் நோயாகக் கணக்கில் வருகிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாப்புக்காகக் கொடுக்க வேண்டிய கையுறைக்கும் பூட்சுக்கும் முதலாளி உங்களிடம் காசு பிடிக்கக் கூடாது.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. குளிக்கவும் துவைக்கவும் தண்ணீர் இல்லாத லயத்தில் எந்த மருந்தும் பலிக்காது. தொழிலாளர் வீடுகளுக்குப் போதுமான குழாய்த் தண்ணீர் கொடுப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கடமை. அது தர்மம் அல்ல.

சங்கக் கிளைத் தலைவர்களே, மாதர் பகுதியினரே! கிளினிக்கில் பேசி மருந்துக்கு ஏற்பாடு செய்து, ஒரு சனிக்கிழமையைக் குறியுங்கள். அன்றிரவு லயம் முழுக்க ஒன்றாக மருந்து பூசட்டும். பக்கத்துக் கொங்சியில் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் தோழர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூச்சிக்குக் கடப்பிதழ் தெரியாது. எல்லாரும் பூசிக்கொள்ளும்போது வெட்கப்பட யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள்.