நிமிர்ந்து நோக்கும் மான்

காட்டு மானின் ஒளிப்படம் என்றதும் பலர் மனத்தில் ஒரே காட்சிதான் தோன்றும். மான் தலையை நிமிர்த்திக் காதுகளை விறைத்துப் படம் எடுப்பவரையே நேராக நோக்கி நிற்கும். அதனைச் சிறந்த படம் எனப் போற்றுவோர் மிகப் பலர். உண்மையில் அது அஞ்சிய மானின் படம். மேய்ச்சலை விடுத்து, ஓடுவதா நிற்பதா என்று அது தயங்கும் நொடியே அங்குப் பதிவாகியுள்ளது.

புள்ளிமான் தன் அச்சத்தை இன்னும் தெளிவாகக் காட்டும். முன்னங்காலால் நிலத்தைத் தட்டும், வாலை உயர்த்தும், பின்னர்க் குரலெழுப்பும். அது கேட்டு மந்தை சிதறும். மரத்திலுள்ள குரங்குகளும் விழிப்படையும். புலியின் வரவை அறிவிக்க வேண்டிய குரல், ஓர் ஊர்திக்காக வீணாகிறது.

மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா தேசியப் பூங்காவில் வாழும் சதுப்புநில மானுக்குப் 'பாரசிங்கா' என்று பெயர். பன்னிரு கொம்பு என்னும் அதன் பொருள் இந்தி அறிந்த மாணவர்க்கு உடனே விளங்கும். (கொம்பின் கிளைகள் எப்போதும் பன்னிரண்டாகவே இருப்பதில்லை.) 1970ஆம் ஆண்டளவில் அங்கு எஞ்சியவை 66 மான்களே. புல்வெளிகளைப் பேணியும், வேலியிட்ட இடத்தில் மான்களை வளர்த்தும் வனத்துறையினர் அவ்வினத்தை மீட்டனர். இன்று அவை பல நூறாகப் பெருகியுள்ளன. பனிக்காலத்தில் கலைமான்கள் கொம்பில் புல்லைச் சூடிக்கொண்டு முழங்கித் திரியும். அவை துணை தேடும் காலம் அது. அக்காட்சியை அருகில் காணவே ஊர்திகள் முண்டியடிக்கின்றன.

நெருங்கினால்தான் படம் தெளிவாக அமையும் என்பர். தொலைவில் உள்ளவற்றைப் படம் பிடிக்கும் வில்லைகள் இருக்கையில் இவ்வாதம் நிற்காது. மேலும், பனி படர்ந்த புல்வெளியும் சால் மரங்களும் சூழ்ந்த படத்தில் மான் சிறிதாகத் தெரிந்தாலும், அது எங்கு, எவ்வாறு வாழ்கிறது என்பது புலப்படும். முகத்தை மட்டும் காட்டும் படத்தை உயிரியல் பூங்காவிலும் எடுத்துவிடலாம். அதற்குக் கான்ஹா வரை செல்ல வேண்டியதில்லை.

தமிழில் ஆண்மானைக் கலை என்றும், பெண்மானைப் பிணை என்றும், குட்டியை மறி என்றும் வழங்குவர். பிணை தன் மறியைப் புல்லிடையே மறைத்துவிட்டு மேயச் செல்லும். தனித்துக் கிடக்கும் மறியைக் கைவிடப்பட்டதாகக் கருதி, காட்டோரங்களில் அதனைச் சூழ்ந்து நின்று படம் எடுப்போர் உண்டு. அவர்கள் அகலும்வரை பிணை திரும்பாது. மறி பசித்துக் கிடக்கும். அங்கே கருவியை உறையில் இட்டு ஓசையின்றி விலகிச் செல்வதே முறை.