தீவின் சுவைக்கு அனுமதிப்பத்திரம் யாரிடம்?

தெற்கின் கரையோர ஹோட்டல் ஒன்றில் நடந்த ஊடகப் பயிலரங்குக்குப் போயிருந்தேன். இரவுச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்த மதுப்பட்டியலில் ‘தீவின் சுவை’ என்று ஒரு பக்கம். டைகிரி, மொஹிட்டோ, மாய் டாய், பீனா கொலாடா என்று நான்கு கொக்டெயில்கள். நான்கிலும் ரம். நான்கும் வேறு யாருடையவோ தீவு.

டைகிரியும் மொஹிட்டோவும் கியூபாவுக்குரியவை. பீனா கொலாடா புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தது. 1978 இல் அதை அங்கே தேசிய பானமாகவே அறிவித்தார்கள். மாய் டாய் பெயரளவில்தான் தீவு. அதைத் தான் 1944 இல் உருவாக்கியதாகச் சொன்ன விக்டர் பெர்ஜரோன், அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் உணவகம் வைத்திருந்தவர். பசுபிக் தீவுகளின் பெயரைக் கலிபோர்னியாவில் போத்தலில் ஊற்றி விற்ற காலம் அது.

பானங்களைக் கலந்துகொண்டிருந்த பெடியன் முள்ளியவளைக்காரன். என் பேச்சிலிருந்து ஊரைக் கண்டுபிடித்துவிட்டான். டைகிரி என்றால் என்ன என்று கேட்டேன். “ரம், தேசிக்காய்ப் புளி, சீனிப்பாகு. ஐசோட நல்லாக் குலுக்கி வடிச்சால் சரி அக்கா. எங்கட பனஞ்சாராயம், தேசிக்காய், பனங்கட்டிப் பாகு போட்டும் செய்யலாம். இதைவிட நல்லா வரும். ஆனா ஆர் கொண்டுவந்து தாறது?”

அந்தக் கேள்வியோடுதான் கிளிநொச்சிக்குத் திரும்பினேன். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் மது பற்றிய பேச்சு வேறு ஒரு கேள்வியிலேயே நின்றுவிடுகிறது: யாருக்குப் பார் கிடைத்தது?

அது நியாயமான கேள்விதான். ரணில் விக்கிரமசிங்கவின் ஆட்சியில் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியலை 2024 டிசம்பரில் சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க நாடாளுமன்றத்தில் வெளியிட்டார். நாடு முழுவதும் 361. வடக்கு மாகாணத்துக்கு 32. அதில் கிளிநொச்சிக்கு 16, வவுனியாவுக்கு 9, யாழ்ப்பாணத்துக்கு 5, மன்னாருக்கு 2. 2012 குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் சனத்தொகை ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரம் அளவில் இருந்தது; யாழ்ப்பாணத்தில் ஐந்து லட்சத்து எண்பதினாயிரத்துக்கு மேல். ஐந்தில் ஒரு பங்கு சனமுள்ள மாவட்டத்துக்கு மும்மடங்கு அனுமதி. கிளிநொச்சிச் சனம் அப்படியொன்றும் தாகத்தில் தவிக்கவில்லை. ஏ-9 வீதியோரம், மீள்குடியேறிய சனம், நாட்கூலியாகக் கையில் புழங்கும் காசு, எதிர்த்துப் பேச ஆளில்லாத கிராமங்கள் என்று கணக்குப் போட்டவர்கள் போட்டிருக்கிறார்கள்.

யார் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார் என்று மாதக்கணக்கில் பேசினோம். அந்தக் கடைகளில் விற்கும் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

நம் ஊர்களில் அதிகம் ஓடும் மலிவு வகைச் சாராயத்தில் தென்னஞ்சாராயம் வாசனைக்கு என்ற அளவில்தான் இருக்கும். மிச்சம், கரும்பிலிருந்து சீனி எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்த மதுசாரம். எதனோல் இறக்குமதி 2020 ஜனவரி முதலாம் திகதியோடு தடை செய்யப்பட்டபின், உள்ளூர்க் கரும்புப்பாகுக்கு மவுசு இன்னும் கூடியது. ரம்முக்கும் மூலப்பொருள் இதே பாகுதான். ஆக, பரந்தன் சந்தியில் சாராயம் என்று வாங்குவது, குலத்தால் ரம்முக்குப் பக்கத்துச் சொந்தம். என்ன, அதற்குக் குடையும் அன்னாசித் துண்டும் குத்துவதில்லை.

அந்தப் போத்தலும் விலையேறியது. 2023 ஜனவரியில் மதுவரி 20 வீதம் கூட்டப்பட்டது, இடையிலும் கூடியது, 2025 ஜனவரியில் இன்னும் 6 வீதம். நாட்கூலிக்காரர் குடியை விட்டுவிடவில்லை, கசிப்புக்கு மாறினார். தருமபுரம், விசுவமடுப் பக்கம் கோடா பரல்கள் பிடிபட்ட செய்தியை நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். சீனியும் ஈஸ்டும் தண்ணீரும் போட்டுப் புளிக்கவைத்து, காட்டோரம் அடுப்பு மூட்டி வடிப்பது. சோதனையும் இல்லை, அளவும் இல்லை. கரும்புச் சீனியில் வடித்தது என்பதால், வன்னியின் சொந்த ரம் அதுதான் என்று கசப்பாகச் சொல்லலாம். அதன் விலையைப் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்களே கொடுக்கிறார்கள். நுண்கடன் கட்டும் நாளில் காசு காணாமற்போகும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் பனை நிற்கிறது.

பளையில் சீவல் தொழில் செய்யும் ஒரு ஐயாவைச் சந்தித்தேன். அறுபது வயதைக் கடந்தவர். காலையும் மாலையும் ஏறி, பாளையைத் தட்டி, நுனி சீவி, முட்டி கட்டி இறங்குகிறார். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி. பூசாவிட்டால் இறக்கும்போதே கள். காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதி தானாக வேலை செய்யும். நான்கைந்து வீதம் மதுசாரம், லேசான புளிப்பு, கொஞ்சம் நுரை. மறுநாள் வைத்தால் வினாகிரிப் பக்கம் போய்விடும். கொக்டெயில்காரர்கள் தேசிக்காயாலும் சோடாவாலும் கொண்டுவரப் பாடுபடும் புளிப்பும் நுரையும் இதில் மரத்திலேயே இருக்கின்றன.

“சண்டையில பங்கருக்குத் தறிச்சது பாதி, ஷெல்லடியில போனது மிச்சம். இப்ப நிக்கிறதும் ஏற ஆளில்லை பிள்ளை. என்ர பெடியனுக்கு நான் பழக்கேல்லை” என்றார். ஏன் என்று கேட்டேன். சிரித்தார். “தவறணைக்கு வந்து குடிக்கிறவைக்கு என்ர கள்ளு வேணும். என்ர பிள்ளையை ஆர் மதிக்கிறது?”

அந்தச் சிரிப்பை எங்கள் மதுஒழிப்புப் பேச்சாளர்கள் கேட்க வேண்டும். போத்தல் விற்பவரை ‘முதலாளி’ என்றும் மரம் ஏறுபவரைச் சாதிப் பெயர் சொல்லியும் அழைக்கும் சமூகம் இது. 1970களில் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது சீவல் தொழிலாளருக்குக் கொஞ்சம் பேரம் பேசும் பலம் கிடைத்தது. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை உருவானது. ஆனால் அடிப்படைச் சட்டம் இன்னும் 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம்தான். அது வெள்ளைக்கார அரசு வருமானத்தை எண்ணி எழுதியது. எங்கே கடை, எவ்வளவு வரி என்பதே அதன் அக்கறை. மரமும் மரமேறியும் அதன் கண்ணுக்குக் குற்றவாளி ஆகக்கூடியவர்கள், அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் தீவின் சுவை என்பது நம் பக்கத்துச் சரக்காகவே இருந்தது. 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் லண்டனில் ‘பஞ்ச்’ குடித்தவர்கள் கோவாவிலிருந்தும் பட்டாவியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிய சாராயத்தில்தான் எலுமிச்சையும் சீனியும் கலந்தார்கள். அந்தச் சொல்லே ‘ஐந்து’ என்ற இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது என்ற கருத்தும் உண்டு. பிறகு கரீபியன் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில் வந்த ரம் அந்த இடத்தைப் பிடித்தது. இப்போது கொழும்பின் மதுக்கூடங்களில் சாராயத்தை இஞ்சிப் பியரோடும் தேசிக்காயோடும் கலந்து திரும்பவும் பெருமையாகக் கொடுக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அது தென்னஞ்சாராயம். பெரிய கம்பனிகளின் சாராயம். பனைக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பது அருமை. பனஞ்சாராயம் என்றதும் நினைவுக்கு வரும் திக்கம், வரணி வடிசாலைகள் இரண்டும் யாழ் மாவட்டத்தில் உள்ளவை. திக்கம் போரில் சேதமாகி நீண்ட காலம் மூடிக்கிடந்தது.

கள்ளும் மதுதான். தவறணைக் கள்ளில் கலப்படம் இல்லை என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களையும் எனக்குத் தெரியும். குடியை வளர்க்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஏற்கனவே ஓடுகிற காசு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் என் கேள்வி. 16 அனுமதிப்பத்திரங்களை வழங்க முடிந்த அதே நிர்வாகத்துக்கு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கூட்டுறவுக் கைகளில் ஒரு சிறு வடிசாலையோ கள்ளுப் போத்தலடைக்கும் நிலையமோ ஏன் அவசரமாகப் படவில்லை? மரமேறும் இயந்திரமும் விபத்துக் காப்புறுதியும் ஏன் எந்த அபிவிருத்திக்குழுக் கூட்டத்திலும் பார் அளவுக்குச் சூடான விடயமாவதில்லை? ஹோட்டல்காரர் தரமான பனஞ்சாராயத்துக்குக் காசு கொடுப்பார்; அதைக் குடிப்பவர் நாட்கூலிக்காரராக இருக்கமாட்டார்.

அனுமதிப்பத்திரங்களை மீளாய்வு செய்யச் சொல்லி மனுக் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், நானும் கையெழுத்திடுவேன். கூடவே இன்னொரு தாளில், தங்கள் பிரதேசத்தில் இன்னும் மரம் ஏறுபவர்கள் எத்தனை பேர், அவர்களின் வயதென்ன என்று எழுதிக் கொண்டுபோனால் நல்லது. பளை ஐயாவின் கணக்குப்படி அவருடைய சுற்றுவட்டத்தில் ஆறு பேர். இளையவருக்கு நாற்பத்தெட்டு வயது.